பழைய மோட்டார் வண்டியின் கியர்ப் பெட்டியை அளந்து வரைதல்: அந்தமானில் செய்யத்தக்க ஒரு பணி

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், பதிவு செய்யப்பெற்று 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு செல்லாது என்னும் விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் வேண்டிய சில தனிவகை வண்டிகளுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. பழைய வண்டி மிகுதியாகப் புகை கக்குகிறது. அதன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நம்பத்தக்கனவாக இருப்பதில்லை. ஆகவே விதியின் நோக்கத்தைக் குறைகூற இடமில்லை. ஆனால் வண்டியை உடைத்து இரும்பு விலைக்குக் கொடுப்பதற்கு முன்னர், ஒவ்வொரு வகையிலும் ஒன்றையேனும் திறந்து, அதன் உள்ளுறுப்புகளை அளந்து, வரைபடமாக்கி வைக்கும் ஏற்பாடு அதனோடு சேர்ந்து வரவில்லை. இக்குறை எங்கும் வருந்தத்தக்கதே. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலோ அது ஈடு செய்ய முடியாத இழப்பாக முடியும்.

காரணம் தீவுகளின் இருப்பிடத்திலேயே அமைந்துள்ளது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நகரம், ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கப்பல் வந்து சேர மூன்று நாட்களளவு ஆகும். அங்கிருந்து மாயாபந்தருக்கோ, ஹட் பேக்கோ, காம்ப்பெல் பேக்கோ ஒரு பொருள் போய்ச்சேர மீண்டும் காத்திருத்தல் வேண்டும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. தென்மேற்குப் பருவக் காற்றும் வடகிழக்குப் பருவக் காற்றும் ஆகிய இரண்டுமே மழை கொணர்கின்றன. காற்றில் உப்பும் ஈரமும் நீங்குவதில்லை. சமவெளியில் நாற்பது ஆண்டு கிடந்தாலும் உருக்குலையாத எஃகு, இங்கே கொட்டகைக்கு வெளியே சில மழைக்காலங்கள் கிடந்தால் பல்லும் தண்டும் தெரியாதபடி துருவேறிப்போகிறது. பழைய பாகத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் ஆராயலாம் என்னும் எண்ணம் தீவுகளில் செல்லாது. இங்கே நிலைத்திருக்கக் கூடியது பாகத்தின் வரைபடம் ஒன்றே.

ஆவணங்கள் அழிந்த வரலாறும் தீவுகளுக்கு உண்டு. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நடந்த ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அரசு ஏடுகள் பல மறைந்தன. 1883-இல் நிறுவப்பெற்ற சாத்தம் மரவாடியின் வளாகத்தில் அப்போரின் குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் காணலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது நிக்கோபார்த் தீவுகளில் கட்டடங்களும் கருவிகளும் ஏடுகளும் ஒருங்கே கடலுக்கு இரையாயின. தென்கோடியிலுள்ள இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இத்தகைய இடத்தில் ஒரு பொருளைப் பற்றிய அறிவு அப்பொருளில் மட்டுமோ, அதனைப் பழுது பார்த்த ஒரு முதிய மெக்கானிக்கின் நினைவில் மட்டுமோ தங்கியிருத்தல் விவேகமாகாது.

வண்டியின் எல்லாப் பாகங்களையும் வரைவது பெரும் பணி. ஆதலின் விசை கடத்தும் பாகங்களை, அதாவது கிளட்ச், கியர்ப் பெட்டி, நீண்ட தண்டு, பின் அச்சின் பற்சக்கரங்கள் ஆகியவற்றை, முதற்கண் எடுத்துக்கொள்வதே தகும். மேற்கூட்டைப் புகைப்படத்தால் காத்துவிடலாம். தகரம் தட்டத் தெரிந்தவர் படத்தைப் பார்த்தே அதனைத் திரும்பச் செய்துவிடுவார். பற்சக்கரத்தைப் படத்தைப் பார்த்துச் செய்ய இயலாது. ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும், பல்லின் சரிவு ஐந்து பாகை மாறினாலும், அது அடுத்த சக்கரத்தோடு இணைந்து ஓடாது. அன்றியும், அவற்றை அளப்பதில் கணக்கும் கண்ணும் கையும் ஒன்றுசேர வேண்டியிருத்தலால் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது.

பழைய வண்டிகளுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் செய்து விற்ற ‘மாடல் டி’ வண்டியில், இன்று காண்பதுபோல் கியரைத் தள்ளி மாற்றும் கைப்பிடி இல்லை. காலால் மிதிக்கும் மூன்று கட்டைகளே உண்டு. அவற்றுள் இடக் கட்டை வேகத்தையும், நடுக் கட்டை பின்னோக்கிய ஓட்டத்தையும், வலக் கட்டை நிறுத்தத்தையும் ஆண்டன. உள்ளே பற்சக்கரங்கள் எப்போதும் பிணைந்தே சுழலும். ஃபிளைவீலின் முகத்தில் மூன்று ஊசித் தண்டுகள் உண்டு. ஒவ்வொரு தண்டிலும் 27, 33, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுச் சுழலும். நடுவே 27, 21, 30 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் தனித்தனியே அமைந்து, முறையே அவற்றோடு பொருந்தும். 27 பற்களுடைய நடுச்சக்கரம் விசையைப் பின்னே கொண்டு செல்வது. மற்ற இரண்டும் டிரம்களோடு இணைந்தவை. மிதிகட்டையை அழுத்தினால் ஒரு பட்டை இறுகி உரிய டிரம்மை நிறுத்திப் பிடிக்கும்.

21 பல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் நிகழ்வதைக் கணக்கிடுவது எளிது. ஒன்றிலிருந்து 33-இல் 21 பங்கைக் கழிக்க, எஞ்சுவது 33-இல் 12 பங்கு, அதாவது 11-இல் 4 பங்கு. ஆகவே இயந்திரம் 2.75 முறை சுழல, பின் தண்டு ஒரு முறை சுழலும். 30 பல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாலோ, ஒன்றிலிருந்து 24-இல் 30 பங்கைக் கழிக்க வேண்டும். விடை எதிர்க்குறியோடு நான்கில் ஒரு பங்காக வருகிறது. இயந்திரம் நான்கு முறை சுழல, தண்டு எதிர்த்திசையில் ஒரு முறை சுழலும். எதிர்க்குறி என்பது ஏட்டில் எழுதும் வெறும் கோடு என்று கருதும் மாணவனுக்கு, அது வண்டியைப் பின்னோக்கி ஓட்டவல்லது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் கடினம்.

வரைபவர்க்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. 27-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 54; 21-ஐயும் 33-ஐயும் கூட்டினால் 54; 30-ஐயும் 24-ஐயும் கூட்டினால் 54. மூன்று இணைகளும் ஒரே மைய தூரத்தில் நிற்பதாலும், பற்களின் பரிமாணம் ஒன்றே ஆதலாலும் இக்கூட்டுத்தொகை மாற இடமில்லை. துருப்பிடித்த சக்கரமொன்றில் நான்கு பற்கள் உடைந்திருக்க, எண்ணுபவர் 33-ஐ 32 என்று தவறாகக் குறித்துவிட்டால், கூட்டுத்தொகை 53 ஆகி அவரது பிழையை உடனே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல இயந்திரப் பாகம் தன்னைப் பற்றிய சாட்சியத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதில்லை. ஒன்று அழிந்தாலும் மற்றொன்றிலிருந்து மீட்கலாம். அளந்து வரையும் கலையின் பெரும்பகுதி இவ்வாறு ஒரு சாட்சியத்தை மற்றொன்றால் சோதிப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

மாடல் டி தீவுகளில் தேடிக் காணத்தக்க வண்டியன்று. இங்குள்ள காட்டுச் சாலைகளுக்கும் செம்மண் ஏற்றங்களுக்கும் உரியது ஜீப் வகையே. 1945-இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம், வில்லிஸ் ஜீப்பை முதலில் பாகங்களாகத் தருவித்துப் பூட்டியும், பின்னர் உரிமம் பெற்று இந்நாட்டிலேயே செய்தும் வழங்கியது. அந்த ஜீப்பின் ‘டி-90’ என்னும் கியர்ப் பெட்டி முன்னோக்கிய மூன்று வேகங்களைத் தருவது. முதற் கியரில் 2.798, இரண்டாவதில் 1.551, மூன்றாவதில் 1 என்பன அதன் விகிதங்கள்; பின்னோக்கி ஓடும்போது 3.798. அதன் பின்னே, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பெட்டி ஒன்று உண்டு. அதன் தாழ்ந்த நிலை விகிதம் ஏறத்தாழ இரண்டரை. இறுதியில் அச்சிலுள்ள 43 பல் வளையமும் 8 பல் சிறு சக்கரமும் 5.375 என்னும் விகிதத்தைத் தருகின்றன. இவற்றைப் பெருக்கினால், வண்டிச் சக்கரம் ஒருமுறை சுழல இயந்திரம் 36 முறைக்கு மேல் சுழல வேண்டும் என்பது தெரியவரும். மழையில் ஊறிய காட்டு மேட்டில் மரச் சாமானோடு ஜீப் நடைவேகத்தில் ஏறிச் சென்றதன் இரகசியம் இதுவே. வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய களப் பணியாளர் அதனைக் காலாலும் காதாலும் அறிந்திருப்பார். வரைபடம் அவ்வறிவுக்கு எண்ணுருக் கொடுக்கிறது.

43, 8 என்னும் எண்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல. இவ்விரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே சிறு சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் வளையத்தின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும். ஒரு பல்லின் குறை ஒரே இடத்தைத் தேய்க்காமல் எங்கும் பரவும். 43-க்குப் பதில் 40 பல் இட்டிருந்தால் குறிப்பிட்ட பற்களே ஓயாமல் உரசிக்கொள்ளும். இத்தகைய எண்ணை வரைபடத்தில் காணும் ஆசிரியர், மீப்பெரு பொதுக் காரணி என்னும் பாடத்தை நடத்த இனிக் கற்பனைக் கணக்குகளைத் தேட வேண்டியதில்லை.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். தேய்ந்த பற்சக்கரத்தை அளப்பவர் முதலில் செய்யும் தவறு, புற விட்டத்தை மட்டும் அளந்து நூலில் உள்ள சூத்திரத்தை இட்டு முடித்துவிடுவது. அக்காலத்து வண்டிகளின் பற்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. 30 பற்கள் கொண்ட சக்கரத்தின் புற விட்டம் 101.6 மில்லிமீட்டர் என்று அளவு கிடைத்தால், மெட்ரிக் முறைப்படி அதனை 32-ஆல் வகுத்து 3.175 என்னும் எண்ணைப் பெறுவோம். நூலில் உள்ள பட்டியலிலோ 3 உண்டு, 3.25 உண்டு, 3.175 இல்லை. பழகாதவர் அருகிலுள்ள ஒன்றைக் கொண்டுவிடுவார். 25.4-ஐ 3.175-ஆல் வகுத்துப் பார்த்தால் சரியாக 8 வரும். அதாவது விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 8 பற்கள் என்னும் பழைய அங்குல முறையில் அமைந்தது அச்சக்கரம்.

இதோடும் ஐயம் தீர்வதில்லை. மோட்டார் வண்டிகளில் உயரம் குறைந்த, குட்டையான பற்களை இடுவதும் வழக்கம். அமெரிக்காவின் ஃபெல்லோஸ் முறையில் 6/8 என்று குறித்தால், சக்கரத்தின் அடிப்படை விட்டம் அங்குலத்துக்கு 6 பல் என்னும் கணக்கிலும், பல்லின் தலையுயரம் 8 என்னும் கணக்கிலும் அமையும். 30 பற்கள் கொண்ட இவ்வகைச் சக்கரத்தின் புற விட்டம் ஐந்தேகால் அங்குலமாகும். வழக்கமான சூத்திரத்தை இதில் இட்டால் 6.095 என்னும் பொருந்தா எண் வரும். அதை 6 என்று திருத்திக்கொண்டு முழு உயரப் பல்லை வரைந்தவரின் சக்கரம், அடுத்த சக்கரத்தின் அடிப்பள்ளத்தில் முட்டி நிற்கும்.

இச்சிக்கலிலிருந்து மீள ஓர் எளிய வழி உண்டு. நேர்ப்பல் சக்கரத்தின் மூன்று பற்களைச் சேர்த்து வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். பின்னர் நான்கு பற்களைச் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டின் வேறுபாடே பல்லின் அடிப்படை இடைவெளி. அங்குலத்துக்கு 8 பல் கொண்ட சக்கரத்தில், பல்லின் அழுத்தக் கோணம் பதினாலரைப் பாகையாயின் இவ்வேறுபாடு 9.66 மில்லிமீட்டராகவும், 20 பாகையாயின் 9.37 மில்லிமீட்டராகவும் இருக்கும். பற்கள் ஒரே சீராகத் தேய்ந்திருப்பின் தேய்மானம் இரண்டு அளவுகளிலும் சமமாகக் குறைந்து, கழிக்கும்போது நீங்கிவிடுகிறது. பழைய சக்கரத்துக்கு இதைவிட ஏற்ற முறை பட்டறையில் இல்லை. எனினும் ஓரளவு இரு வேறு விடைகளுக்கு இடம் கொடுத்தல் கூடும். ஆதலின் புற விட்டத்தையும் மைய தூரத்தையும் கொண்டு மீண்டும் சோதித்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

சாய்ந்த பற்களின் கோணத்தை அறியப் பழைய பட்டறைக்காரர் கையாண்ட உத்தி பள்ளியிலும் செய்யத்தக்கது. பல்லின் நுனிகளில் மை தடவி, சக்கரத்தை நேர்க்கோட்டில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் உருட்டினால் சாய்கோடுகள் பதியும். அவற்றைக் கோணமானியால் அளக்கலாம். ஆனால் கிடைப்பது நுனியிலுள்ள சாய்வு. பற்கள் பொருந்தும் வட்டத்தில் சாய்வு சற்றுக் குறைவு. சாய்கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு விட்டத்துக்கு நேர்விகிதமாக மாறுவதால், இதனைக் கணக்கிட்டுத் திருத்திக்கொள்ள இயலும்.

பேரிங்குகள் பெரும் துணை செய்பவை. தண்டு தேய்ந்திருக்கலாம், ஆனால் அதனைத் தாங்கிய பேரிங்கின் பக்கத்தில் பொறித்த எண், தண்டு பிறந்தபோது இருந்த அளவைச் சொல்லிவிடும். 6206 என்று காணின் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கிறது. பழைய வண்டிகளில் வேறு குறியெண்கள் இருப்பினும் அவற்றுக்கும் பட்டியல்கள் உண்டு. முழுதும் அங்குலத்தில் அமைந்த அமெரிக்க வண்டியினுள்ளும் பந்துப் பேரிங்குகள் மில்லிமீட்டர் அளவிலேயே இருந்தமை விந்தையாகத் தோன்றலாம். அத்தொழில் ஐரோப்பாவில் வேரூன்றிப் பின்னர் கடல் கடந்து சென்றதன் அடையாளம் அது. திருகாணிகளிலும் இத்தகைய கலப்பு உண்டு. பழைய மாரிஸ் இயந்திரங்கள் சிலவற்றில் மரை மெட்ரிக் அளவிலும், தலை விட்வொர்த் அளவிலும் இருந்தன. ஆகவே ஸ்பானர் பொருந்தியதைக் கொண்டு மரையின் அளவை ஊகித்து எழுதுதல் கூடாது. மரை அளவியை இட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னர், வரைபடத்தின் மதிப்பை நிர்ணயிப்பது ஒன்றே ஒன்று. அளந்த எண் எது, ஊகித்த எண் எது என்பது தாளில் தெளிவாக இருத்தல் வேண்டும். அளந்தபோது 34.91 மில்லிமீட்டர் இருந்த தண்டு, முதலில் 35 ஆகவே இருந்திருக்கும் என்று வரைபவர் முடிவு செய்யலாம். அம்முடிவு சரியானதாகவும் இருக்கலாம். ஆனால் 35 என்று மட்டும் எழுதி 34.91-ஐ மறைத்துவிட்டால், பின்னர் வருவோர் அவர் முடிவைச் சோதிக்கும் வழியை இழக்கின்றனர். இரண்டையும் இரு நிற மையில் எழுதுவதே முறை. எஃகின் வகையும், அது எவ்வளவு ஆழம் கடினப்படுத்தப்பட்டது என்பதும் காலிப்பரால் அறியக் கூடியவை அல்ல. அவ்விடத்தில் ‘அறியப்படவில்லை’ என்று எழுதுவதற்குக் கூசவேண்டியதில்லை. அழகான வரைபடத்தில் வெற்றிடம் இருத்தல் ஆகாது என்னும் எண்ணத்தால் நிரப்பப்பட்ட எண்களே பிற்காலத்தில் பெருந்தீங்கு செய்பவை.

முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்ட இக்காலத்தில் கையால் அளப்பது எதற்கு என்று வினவுவோர் உளர். ஸ்கேனர் விரைவானது, கோணலான வார்ப்புப் பெட்டியின் வெளிவடிவைப் பதிய அதற்கு நிகரில்லை. கிடைக்குமிடத்தில் அதனைப் பயன்படுத்தவே வேண்டும். ஆனால் அது காட்டுவது இன்று எஞ்சியிருக்கும் மேற்பரப்பை. தேய்ந்த பல்லைத் தேய்ந்த பல்லாகவும், துருவைத் துருவின் தடிப்போடும் அது உண்மையாகவே காட்டும். வடிவமைத்தவர் கருதிய பல் எது என்று அதற்குத் தெரியாது. அப்படியே மீண்டும் செய்தால் பிறப்பிலேயே தேய்ந்த சக்கரம் ஒன்று கிடைக்கும். எஞ்சியதிலிருந்து கருதியதைக் கண்டறிதல் கணக்கறிந்த மனிதனின் வேலை.

உற்பத்தி செய்த நிறுவனத்திடமே வரைபடங்கள் இருக்குமே என்பது மற்றொரு தடை. சில இடங்களில் அவ்வாறே இருக்கின்றன. ஃபோர்டின் பழைய வரைபடங்கள் அமெரிக்காவில் டியர்போர்ன் நகர அருங்காட்சியகத்தின் ஆய்வு நிலையத்தில் காக்கப்படுகின்றன. ஆர்வலர் அவற்றின் நகல்களைக் கொண்டு மாடல் டி வண்டிகளுக்கு இன்றும் புதிய பாகங்கள் செய்கின்றனர். எல்லா நிறுவனங்களுக்கும் அத்தகைய காப்பகம் வாய்ப்பதில்லை. அம்பாசடர் காரைச் செய்துவந்த உத்தர்பாரா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2017-இல் அப்பெயர் மட்டும் தனியே பிரெஞ்சு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. பெயர் கைமாறும்போது வரைபடப் பெட்டியும் உடன் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அன்றியும், தீவுகளில் ஓடிய வண்டிகள் ஆலையிலிருந்து வந்தவாறே இருந்தன என்றும் கொள்ள முடியாது. பாகம் வரும்வரை காத்திராமல் உள்ளூர்ப் பட்டறை கடைந்து இட்ட புஷ், மாற்றி அமைத்த இணைப்பு ஆகியவை எந்த ஆலையின் ஏட்டிலும் இரா. அவையே தீவுகளின் தொழில் வரலாறு.

இப்பணி வெறும் ஆர்வலர் பொழுதுபோக்கு என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க அரசு 1933-இல் பழைய கட்டடங்களை அளந்து வரையும் திட்டத்தையும், 1969-இல் பாலங்கள், ஆலைகள், இயந்திரங்கள் ஆகியவற்றுக்கான திட்டத்தையும் தொடங்கிற்று. வரைபடங்களும் களத்தில் எழுதிய குறிப்பேடுகளும் காங்கிரஸ் நூலகத்தில் சேர்க்கப்படுகின்றன. 2014-இல் மோட்டார் வண்டி ஒன்றும், 1964-ஆம் ஆண்டின் ஷெல்பி கோப்ரா டேடோனா என்னும் பந்தய வண்டி, அம்முறைப்படி ஆவணமாக்கப்பட்டது. வரைந்தவர்களுள் மாணவர்கள் பலர் என்பது இத்திட்டங்களின் நெடுங்கால வழக்கம். இந்தியாவில், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதியும் விதி 2021-இல் வகுக்கப்பட்டது. வண்டி தன் மூல உருவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மூல உருவம் யாது என்பதைக் காட்ட அளந்து வரைந்த தாளைப் போன்ற சான்று பிறிதில்லை.

தீவுகளில் இதற்கு வேண்டிய ஆட்களும் இடமும் உண்டு. பாகர்காவிலுள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகத்தில் வரைகலை கற்பிக்கப்படுகிறது. டாலிகஞ்சில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. துறைப் பட்டறைகளில் வண்டிகளைக் கழற்றத் தெரிந்த கைகள் இருக்கின்றன. குறைவது இவர்களை ஒன்றுகூட்டும் ஓர் ஆணையே. ஏலத்துக்கோ உடைக்கும் நிலையத்துக்கோ அனுப்புமுன், வகைக்கு ஒரு வண்டியின் விசை கடத்தும் பாகங்களை இரண்டு வார காலம் கல்வி நிலையத்துக்கு ஒப்படைக்கலாம். அளந்து முடித்ததும் இரும்பு இரும்பாகவே திரும்பிவிடும். அரசுக்கு விலையில் நட்டமில்லை.

ஆசிரியர்க்கு இரண்டொரு எச்சரிக்கை கூறுதல் தகும். பெட்டியைத் திறக்கும்போது கியர் மாற்றும் தண்டுகளின் அருகே சுருள்வில்லால் அழுத்தப்பட்ட சிறு எஃகுக் குண்டுகள் இருக்கும். அவை கண்ணை நோக்கிப் பாயக்கூடும். ஆகவே கண்ணாடி அணியாமல் எவரும் குனிந்து பார்க்கக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவலாம், அளக்க வேண்டிய முகங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்தல் ஆகாது. கழற்றிய வரிசையை எழுதி, ஒவ்வொரு பாகத்திலும் எண்ணிட்ட அட்டையைக் கட்டிவிட வேண்டும். வரையும்போது, மாணவர் பற்களை ஒவ்வொன்றாக நிழலிட்டு வரைய முற்படுவர். அது சுவரில் மாட்ட அழகாக இருக்கும், கடைபவருக்கு உதவாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 என்னும் வரைகலைக் கையேட்டின்படி வெளி வட்டத்தையும் நீள்கோடும் புள்ளியும் மாறிவரும் மெல்லிய கோட்டால் பொருந்து வட்டத்தையும் இட்டு, பற்களின் எண்ணிக்கை முதலியவற்றை ஒரு கட்டத்தில் எழுதினால் போதும். கியர்ப் பெட்டி கிடைக்காத பள்ளியில் மிதிவண்டியின் பல்சக்கரத்திலோ, கடைகளிலுள்ள பழைய தையல் இயந்திரத்திலோ இப்பழக்கத்தைத் தொடங்கலாம்.

முடிந்த வரைபடத்தை எங்கே வைப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. சாதாரணத் தாள் தீவுகளின் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். கணினியில் மட்டும் வைத்தால் வட்டு பழுதாகும் நாளில் யாவும் போய்விடும். பாலியெஸ்டர் படலத்தில் ஒரு பிரதி தீவுகளிலும், மற்றொன்று கொல்கத்தாவில் 1959-இல் திறக்கப்பட்ட பிர்லா தொழில் அருங்காட்சியகம் போன்ற நிலப்பகுதி நிலையத்திலும், கணினிப் பிரதி வேறோரிடத்திலும் இருத்தல் நலம். களத்தில் எண்ணெய்க் கறையோடு எழுதிய குறிப்பேட்டையும் அதனோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அளந்தவர், கழற்றிய மெக்கானிக், வண்டி ஓடிய தீவு, அதன் பதிவு எண், அளந்த நாள் ஆகியவை வரைபடத்தின் வலக் கீழ்மூலையில் உள்ள கட்டத்தில் இடம்பெற வேண்டும்.